எழுபது டன் டாங்கும் ஒரு கல் பாலமும்

ஆறு வருஷமாக வார் தண்டர் என்கிற ஆன்லைன் டாங்க் சண்டை கேம் ஆடுகிறேன். பையன் தூங்கின பிறகு ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை, ஞாயிறு என்றால் கணக்கே கிடையாது. அதனால் "கேம் ஆடாதவன் பேசுறான்" என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம்.

நேற்று எங்கள் குரூப்பில் ஒரு தம்பி எழுதியிருந்தார், கனரக ஆயுதங்களைப் பற்றி எந்தப் புத்தகத்தை விடவும் இந்த கேமில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன், எல்லாமே அச்சு அசல் என்று. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. எந்த டாங்குக்கு முன்பக்கக் கவசம் எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கோணத்தில் நின்றால் ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, வழுக்கிக்கொண்டு போகும், ரிவர்ஸில் எத்தனை கிலோமீட்டர் வேகம், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த மில்லிமீட்டர் பைத்தியம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்த்தாயிற்று. 2021 ஜூலையில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கை கேமில் தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று நிரூபிக்க, ஒருத்தர் ராணுவக் கையேட்டின் பக்கங்களையே எடுத்துப் பொதுவில் போட்டுவிட்டார். அதே வருஷம் அக்டோபரில் பிரான்சின் லெக்லெர்க்குக்கும் அதே கதை. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, என் டாங்குக்கு நியாயம் கிடைக்கணும்!

இவ்வளவு சண்டை போட்டும் கேமுக்குள் வராத ஒன்று இருக்கிறது. எடை. டாங்க் மேட்டில் திணறும், சேற்றில் ஊரும், அதெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். நான் சொல்வது அந்த எடையால் மனுஷனுக்கு வருகிற பாட்டை.

எங்கள் மாமா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விஜயந்தா டாங்க் காலத்தில் சேர்ந்து அர்ஜுன் டாங்க் வரைக்கும் பார்த்தவர். பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் கேமில் கிங் டைகரில் இருந்தேன், இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்க் அது. பக்கவாட்டில் ஒரு ஷெல் வந்து இடது ட்ராக், சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை, அறுந்துவிட்டது. ஒரு பட்டனை அழுத்தினேன், திரையில் ஸ்பானர் படம் வந்தது, இருபது செகண்ட் ஓடியது, டாங்க் கிளம்பிவிட்டது. மாமா கையில் காபி டம்ளரோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடா மாப்ள ட்ராக்கை மாட்டுனது?"

"உள்ள இருக்கற ஆளுங்கதான் மாமா."

"யாரும் எறங்கவே இல்லையே?"

அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். ஒவ்வொரு கண்ணியாகப் பின் போட்டுக் கோத்த அந்த இரும்புச் சங்கிலியைச் சக்கரத்துக்கு அடியில் இழுத்துப் போட்டு, இரண்டு முனையையும் ஒன்றுக்கொன்று நேராகக் கொண்டுவந்து, ஒருத்தர் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க இன்னொருத்தர் சம்மட்டியால் பின்னை அடித்து இறக்க வேண்டுமாம். "நாங்க சிமெண்ட் தரையில, தலைக்கு மேல க்ரேனை வெச்சுக்கிட்டு மாட்டறதுக்கே உசிரு போயிடும். இவன் சேத்துல நின்னு குண்டு வர்றப்போ மாட்டறான்ங்கற!" என்று சொல்லிவிட்டு விரலைக் காட்டினார். நகம் இல்லாத அந்த விரலைச் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன், காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த கிங் டைகரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எழுபது டன். சண்டைக்கான ட்ராக் 80 சென்டிமீட்டர் அகலம், அதோடு ரயில் வண்டியில் ஏற்றினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ரயிலில் ஏற்றும்போது 66 சென்டிமீட்டர் ட்ராக்கை மாட்ட வேண்டும், இறக்கின பிறகு திரும்ப அகலமானதை மாட்ட வேண்டும். ஒரு ஊர் மாற, மாமா சொன்ன அந்த வேலை முழுவதும் இரண்டு தடவை. எனக்கு கேமில் இரண்டு க்ளிக்.

கேவி-2 டாங்க் இன்னொன்று. குரூப்பில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை, பெரிய பெட்டித் தலை, ஒரே அடியில் எதிரி காலி, அந்த வீடியோவுக்குத்தான் லைக் அள்ளும். பின்லாந்துக்காரர்களின் கான்கிரீட் பதுங்கு அரண்களை உடைக்க, 1940 வாக்கில் சோவியத் அவசர அவசரமாகச் செய்த வண்டி அது. 152 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே ஆறு பேர். ஷெல் மட்டும் 40 கிலோ, வெடிமருந்து தனி. சிமெண்ட் மூட்டை தூக்கியவர்களுக்குத் தெரியும் 40 கிலோ என்றால் என்னவென்று. அதை அந்த இடுக்கில், புகையில், ஆடுகிற வண்டிக்குள் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட வேண்டும். வண்டி சரிவில் நின்றால் அந்தப் பெட்டித் தலையைத் திருப்புவதே பெரும்பாடு. கேமில் அந்தக் குண்டைத் தூக்கிப் போடுகிற லோடர் யார் தெரியுமா? திரையில் நிரம்புகிற ஒரு வட்டம். அது மெதுவாக நிரம்புகிறது என்று நாம் திட்டுகிறோம்.

அந்த எக்ஸ்ரே காட்சியும் அப்படித்தான். ஷெல் உள்ளே போனதும் மூலையில் டாங்க் கண்ணாடி மாதிரி ஆகி, உட்கார்ந்திருக்கிற உருவங்கள் மஞ்சளாகி, சிவப்பாகி, கறுத்துப்போகும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ரத்தம் காட்டச் சொல்லவில்லை, என் பையன் பாதி நேரம் முழித்துக்கொண்டு வந்து நிற்கிறான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "அச்சு அசல்" என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, எடையை எல்லாம் கொண்டுவந்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நான் ஆடுவேன். 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் ஜெர்மன் தளபதி பைப்பரின் படைக்கு நடந்ததை விடப் பரபரப்பான மேட்ச் எதுவும் எனக்குத் தெரியாது. கிங் டைகர்களோடு புறப்பட்ட படை அது. முழுக்க நிரப்பி 860 லிட்டர் பெட்ரோல் போட்டால் நல்ல ரோட்டிலேயே 170 கிலோமீட்டர்தான் ஓடும் வண்டி. எதிரில் அமெரிக்க ராணுவ எஞ்சினியர்கள் த்ரவா-போன் என்ற ஊரில் பாலங்களைத் தகர்த்துவிட்டார்கள், படை வேறு வழி தேடிச் சுற்றியது, இன்னொரு பாலம் கண் முன்னாலேயே வெடித்தது. பெட்ரோல் தீர்ந்தது. கடைசியில் லா க்ளேஸ் கிராமத்தில் டாங்குகளை எல்லாம் விட்டுவிட்டு, டிசம்பர் 24 விடியும் முன்பு சுமார் 800 பேர் காட்டு வழியே நடந்தே தப்பித்தார்கள். அப்படி விட்டுப்போன கிங் டைகரில் ஒன்று இன்றைக்கும் அந்த ஊர் மியூசியம் வாசலில் நிற்கிறது. இதில் மில்லிமீட்டர் கணக்கு எங்கே வந்தது சொல்லுங்கள்? பெட்ரோலும் பாலமும்தான் ஆட்டத்தை முடித்தன.

நான் ஆடிய வரை கேமில் டாங்குக்குப் பெட்ரோல் தீர்ந்ததில்லை. பாலமும் அப்படியே. அன்றைக்கு ட்ராக் சரியானதும் ஓடையைத் தாண்டினால் பாயின்ட்டைப் பிடித்துவிடலாம் என்று நேராக விட்டேன். மாட்டு வண்டிக்குக் கட்டினது போல ஒரு சின்னக் கல் பாலம். மாமா சட்டென்று என் தோளைப் பிடித்தார்.

"டேய் டேய், எத்தனை டன்னுன்னு சொன்ன?"

நான் அதற்குள் அக்கரைக்குப் போயிருந்தேன். மாமா இன்னும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.