சுவர் காயல, பழி மட்டும் ஓவியர் தலையில

அந்தப் போட்டோவை எல்லாரும் பார்த்தாச்சு. ஊட்டியில் ஒரு புதுக் கட்டடத்து முகப்புக் கூடத்தில், நீலகிரிப் பழங்குடியான குறும்பர்களின் ஓவியம் அப்பளமாய் உரிந்து தொங்குகிறது. கீழே கமெண்டில் ஒரு ஞானி, "இயற்கைச் சாயம்னா இப்படித்தான் சார், மழைக்கு நிக்காது." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

ஐயா, அந்தச் சுவரில் ஒரு சொட்டு வேங்கைப் பால் (குறும்பர் சாயமாக்குகிற வேங்கை மரப் பிசின்) கிடையாது. அத்தனையும் கடையில் வாங்கிய எமல்ஷன் பெயின்ட். நீலகிரிக் கரிக்கையூரில் பழங்காலப் பாறை ஓவியத்துச் செங்காவி இன்னும் நிற்கிறது. மழை அழிக்காததை அங்கே போய்ப் பெயர் கிறுக்குகிற நம்ம ஆட்கள்தான் அழிக்கிறார்கள். அதனால் சாயத்தைக் குறை சொல்லாதீர்கள். சுவர் காயவில்லை. திரும்பவும் சொல்கிறேன், சுவர் காயவில்லை.

மலையை வெட்டிக் கட்டினால் மேட்டுப் பக்கச் சுவர் மண்ணை ஒட்டித்தான் நிற்கும். ஜூன் பிறந்தால் அதற்குள் ஓதம் ஏறும். புது சிமெண்ட் பூச்சிலும் தண்ணீரும் சிமெண்டின் காரத்தன்மையும் மிச்சம் இருக்கும். அதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பெயின்டுக்குப் பின்னால் பூக்கும், படலத்தை நெம்பித் தள்ளும். சமவெளிக் கணக்கில் "28 நாள் க்யூரிங் முடிஞ்சாச்சு" என்பார்கள். க்யூரிங் என்பது நனைத்து நனைத்துப் பூச்சை இறுக வைப்பது; காய்வது வேறு. ஊட்டி மூடுபனியில் காய மாதக்கணக்கில் ஆகும்.

சோதிக்க மெஷின்கூட வேண்டாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் முத்து முத்தாய் நீர் நின்றால் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். செலவு ஒரு டீக்காசு.

இன்னும் நல்ல வழி, சுவரில் வரையாமலே இருப்பது. 8 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் போர்டை 4 அடிச் சதுரமாய் வெட்டி, முன்னும் பின்னும் ஓரமும் பிரைமர் அடித்து (பின்பக்கத்தை விட்டால் அது வழியாக ஈரம் குடிக்கும்), அலுமினியச் சட்டத்தில் சுவரை விட்டு ஒரு அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். மேலும் கீழும் காற்றுக்குத் திறப்பு. ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் துரு கோடு கோடாய் வழியும். ஓவியர் தன் ஊரிலேயே வரைந்து அனுப்பலாம். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றலாம்.

கட்டுகிறவர்களிடம் சொன்னால், "பட்ஜெட் இல்லை." கிரானைட்டுக்கு இருந்ததே.

"விழாத் தேதி வந்துருச்சு." வரட்டும்.

"ஓவியர் முன்னாடியே சொல்லியிருக்கணும்." இதுதான் குத்துகிறது. யாரிடம் சொல்வது? எஸ்டிமேட்டில் ஓவியம் 'பெயின்டிங்' வேலைக்குள், சதுர அடி ரேட்டில் கிடக்கிறது. டைல்ஸ்காரர், வயரிங்காரர் இழுத்த நாளெல்லாம் கடைசியில் வருகிறவர் தலையில்தான் விடியும். பத்து நாளில் முடி என்றால், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்தவர் என்ன, சுவர் காயட்டும் என்று திரும்பிப் போவாரா? பிரான்சில் 1951-லேயே பள்ளிக் கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். அவ்வளவு பணம்கூட வேண்டாம். வரைபடம் போடும்போதே ஓவியரைக் கூப்பிட்டு, எந்தச் சுவர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேட்கிற பழக்கமே இல்லை. அதே கட்டடத்து மாடியில் பாருங்கள், தோடர் பழங்குடியினரின் பூவேலைப் போர்வையான பூத்துக்குளியைப் பிளைவுட்டில் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். இழை எண்ணிப் போடுகிற பூவேலை, இரண்டு பக்கமும் பார்க்கிற துணி! 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கண்ணாடி துணியில் படாமல் இடைவெளி விட வேண்டும், வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. இங்கே கண்ணாடி துணி மேலேயே அழுந்திக் கிடக்கிறது, அதுவும் தெற்கு ஜன்னலுக்கு எதிரில். 2,200 மீட்டர் உயரத்து வெயில் சிவப்பு நூலைச் சும்மா விடுமா? தைத்த அக்காமார் பெயர் எங்காவது உண்டா? திறப்பு விழாக் கல்வெட்டில் மட்டும் பதினாலு வரி.

இப்போது ஓவியத்தைச் சுரண்டிவிட்டு ஃப்ளெக்ஸ் ஒட்டப் போகிறார்களாம். அதே சுவரில். பூஞ்சை பின்னால் வளரும், போட்டோவில் விழாது.