அடி வாங்கியதால்தான் உருப்பட்டோமா?

"அந்தக் காலத்துல வாத்தியார் அடிச்சார், நாம உருப்பட்டோம். இப்ப அடியும் இல்ல, படிப்பும் இல்ல." எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது இது வந்துவிடுகிறது. இந்த முறை பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1983-இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவன் நான். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிலேட்டு அழிக்க வேலியில் கோவை இலை பறித்துக்கொண்டு ஓடுவோம். அந்த இலை வாசனைக்கு எனக்கும் ஏக்கம் உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நினைத்தால் தொண்டை அடைத்துவிடும்.

அவனுக்கு ஏழாம் வாய்பாடு வராது. ஏழு நாலு இருபத்தெட்டு வரை சொல்லுவான், அப்புறம் வாய் கட்டிக்கொள்ளும். புளிய விளார் வரும். விரல்களைக் குவிக்கச் சொல்லி நுனியில் அடி. விளாரை எடுக்கும்போதே அவன் டவுசர் நனைந்துவிடும். நாங்கள் சிரிப்போம். அவன் அப்பாவே வந்து, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாம் வகுப்பு பாதியில் அவன் மாடு மேய்க்கப் போய்விட்டான். அவன் மக்கு இல்லை. ஒரு வயலைப் பார்த்தாலே எத்தனை கட்டு நாற்று வேண்டும் என்று சொல்லிவிடுவான்.

அடி வாங்கி உருப்பட்டோம் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் தாக்குப்பிடித்தவர்கள். பயந்து ஓடியவர்கள் அந்தக் குழுவிலேயே இல்லை. அவர்களை விட்டுவிட்டு என்ன கணக்குப் போடுகிறோம்?

2010-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பிள்ளையை அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் தடை செய்யப்பட்டன. என்னைக் கேட்டால், என் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவில் நடந்த பெரிய மாற்றம் அதுதான். அதற்கு அடுத்தது காலை உணவு. 2023 ஆகஸ்டில் எங்களுக்குப் பக்கத்துத் திருக்குவளையில்தான் அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். பழைய சோறுகூட இல்லாமல் வந்து, பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு தட்டு உப்புமாவின் அருமை தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களும் பாடத்தை நிறுத்திவிட்டுக் கைபேசியில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பண்ணையார் வீட்டுப் பையனும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம், அது போய்விட்டது. அதற்காகக் கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன். பிரம்பைத் திரும்பக் கேட்காதீர்கள்.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிநேகிதனின் பேத்தி அங்கேதான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் நிலைக்குத் தகுந்தாற்போல் சொல்லித்தருகிறார்கள். டீச்சர் அவளிடம் ஏழு அஞ்சு எவ்வளவு என்று கேட்டார்.

"தெரியல டீச்சர்."

தலை குனியவில்லை, குரல் நடுங்கவில்லை. "சரி, கொட்டைய எடு" என்றார் டீச்சர். தரையில் ஏழேழாக ஐந்து வரிசை புளியங்கொட்டை அடுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள்.