காற்றில் சுட்டால் மட்டும் போதாது

புரொப்பேன் வாயுவிலிருந்து பிளாஸ்டிக் மூலப்பொருளான புரொப்பிலீன் எடுக்க உதவும் பிளாட்டினம்-வெள்ளீய வினையூக்கியைக் காற்றில் சுட்டால் அதன்மேல் படிந்த கரி எரிந்து பழைய நிலைக்கு வந்துவிடும் என்கிறது உங்கள் கட்டுரை. கரி போவது சரிதான். ஆனால் மேற்பரப்பு பழையபடி இருக்காதே! ஆக்சிஜன் பட்டதும் வெள்ளீயம் உலோகக் கலவையை விட்டுப் பிரிந்து ஆக்சைடாகிவிடும். தனித்துப்போன பிளாட்டினம், சூடு கூடக்கூடத் திரண்டு பெரிய துகளாகும். அதனால்தான் ஆலைகளில் ஆக்சிஜனோடு குளோரினும் கொடுத்துப் பிளாட்டினத்தைத் திரும்பப் பரப்பி, பிறகு ஹைட்ரஜனில் ஒடுக்குகிறார்கள், அதாவது ஆக்சைடிலுள்ள ஆக்சிஜனை நீக்குகிறார்கள். வெள்ளீயம் மறுபடி பிளாட்டினத்தோடு கலப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

எங்கள் குளச்சல் பக்கம் உப்புக்காற்று படும் பித்தளைத் தாழ்ப்பாள்களைப் பாருங்கள், திட்டுத்திட்டாகச் சிவந்திருக்கும். துத்தநாகம் முதலில் போய்ச் செம்பு மிஞ்சுகிறது. இரண்டு உலோகம் சேர்ந்திருந்தால் ஆக்சிஜனை அதிகம் நாடுவதுதான் முதலில் அசையும்.

2008-இல் வேதியியலாளர் சோமோர்ஜாய் குழுவினர் ரோடியம்-பல்லேடியம் நானோதுகள்களில் இதை வினை நடக்கும்போதே பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றும் நைட்ரிக் ஆக்சைடில் ரோடியம் மேலே வந்தது. ஒடுக்கும் வாயுவான கார்பன் மோனாக்சைடையும் சேர்த்ததும் பல்லேடியம் மேலே வந்தது. என் முதுகலை மாணவர்கள் இக்கட்டுரையைப் படிக்கிறார்கள். ஒடுக்கும் கட்டத்தைப் பற்றி ஒரு பத்தி தயவுசெய்து சேருங்கள்.