வெர்மான்ட் சின்ன ஊரில் பொழுது எப்படிப் போகிறது?

அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்துச் சின்ன ஊரில் இருக்கிறேன் என்று சொன்னாலே அடுத்த கேள்வி இதுதான். ஊரிலிருந்து போன் பண்ணும் சித்தியும் கேட்கிறார், நியூ ஜெர்சி நண்பர்களும் கேட்கிறார்கள். மால் இல்லை, பஸ் இல்லை, இருட்டிய பிறகு திறந்திருக்கும் கடை இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் நான் பார்த்தவரை இங்கே யாருக்கும் பொழுது மிஞ்சுவதில்லை, ஏனென்றால் ஊரை நடத்துவதே ஊர்க்காரர்கள்தான், அதுவும் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல்.

தீயணைப்பு நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும், ஆள் இருக்க மாட்டார்கள். பேஜர் அலறினால் மாட்டுப்பண்ணைக்காரர், தச்சர், பள்ளி ஆசிரியை என்று அவரவர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருவார்கள், நள்ளிரவானாலும் சரி, பூஜ்யத்துக்குக் கீழே குளிரடித்தாலும் சரி. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் பெரும்பாலானவை இப்படித் தன்னார்வலர்களை நம்பித்தான் இயங்குகின்றன.

சனிக்கிழமை காலை குப்பைக் கிடங்கு. நாமே காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அட்டை தனி, கண்ணாடி தனி, 2020 ஜூலையிலிருந்து சமையல் கழிவைக் குப்பையோடு கலக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருப்பதால் காய்கறித் தோலுக்கு ஒரு வாளி தனி. யாருக்கு அறுவை சிகிச்சை, யார் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிய வரும். அப்புறம் பனி உருகும் மாதங்களில் சேறு. மாநிலத்தின் சாலைகளில் பாதிக்கும் மேல் மண்சாலைகள், சக்கரம் பாதி புதைந்து நிற்கும்போது டிராக்டரோடு வந்து இழுத்துவிடுகிறவர் பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுவார்.

நான் மிகவும் மதிப்பது மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஊர்க்கூட்டத்தை. அச்சடித்த ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி ஜிம்மில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, பனி தள்ளும் வண்டிக்கு எவ்வளவு, சரளைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு தொகையாகக் கேள்வி கேட்கிறார்கள். பிறகு குரல் எழுப்பியோ கை தூக்கியோ வாக்களிக்கிறார்கள். நம் கிராம சபை முழு அதிகாரத்தோடு நடந்தால் எப்படியிருக்குமோ அப்படி. வாய்ச்சண்டை உண்டு, ஆனால் கூட்டத்தை நடத்தும் நடுவர் அனுமதித்தால்தான் பேச்சு, பேசுவதும் நடுவரைப் பார்த்துத்தான், எதிராளியைப் பார்த்து இல்லை. மதியம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த சாப்பாட்டில், சண்டை போட்ட இரண்டு பேரும் அடுத்தடுத்து வரிசையில் நிற்பார்கள். குடியுரிமை இல்லாததால் எனக்கு வாக்கு இல்லை, கூட்டம் சம்மதித்தால் பேசலாம். இருந்தும் நான் போகிறேன். பக்கத்துவீட்டுப் பாட்டி எழுந்து நின்று வரவு செலவில் ஒரு வரியைக் காட்டி விளக்கம் கேட்பதையும், பொறுப்பில் இருப்பவர்கள் அங்கேயே பதில் சொல்வதையும் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் ஆபத்தில் கைகொடுக்கும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் பாலங்களையும் சாலைகளையும் அடித்துக்கொண்டு போனபோது 13 ஊர்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் துண்டிக்கப்பட்டன. ஹெலிகாப்டரில் உணவு வந்தது உண்மை. ஆனால் மின்சாரம் இல்லாத ஃபிரீசர்களில் இருந்ததை எடுத்துச் சேர்ந்து சமைத்தவர்களும், சொந்த இயந்திரங்களோடு பாதை வெட்டக் கிளம்பியவர்களும் அந்தந்த ஊர்க்காரர்களே.

கவலையும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நாட்டிலேயே சராசரி வயது அதிகமுள்ள மாநிலங்களில் வெர்மான்ட்டும் ஒன்று. தீயணைப்புக்குப் புதிதாகச் சேர இளைஞர்கள் கிடைப்பதில்லை. வீட்டு விலை அவர்களுக்கு எட்டுவதில்லை. கார் ஓட்ட முடியாத வயதானவர்களின் தனிமை மிகக் கொடுமையானது, மருத்துவரைப் பார்க்கவும் இன்னொருவர் தயவு வேண்டும். சின்ன ஊர் சொர்க்கம் என்று படம் போடுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இப்போது எல்லோரும் கொதித்துப் பேசுவது பள்ளிக்கூடம் பற்றி. பிள்ளைகள் குறைகிறார்கள், செலவு ஏறுகிறது, 2015ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி மாவட்டங்களை இணைக்கத் தொடங்கியதிலிருந்து சின்னப் பள்ளிகளுக்கு எப்போதும் ஒரு பயம். சொத்து வரி கட்ட முடியாமல் திணறுகிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூடக் கூடாது என்பதே என் கருத்து. பள்ளியை மூடினால் குழந்தையுள்ள குடும்பம் எதுவும் இங்கே வீடு தேடி வராது, பேஜரை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ள அடுத்த ஆளும் வர மாட்டார்.