சம்பந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

தஞ்சாவூர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால்தான் பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் போவோம். வந்தவர்களை நந்தி முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, அரண்மனையைச் சுற்றிக் காட்டி, கையில் ஒரு தலையாட்டி பொம்மையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது. அடுத்த சம்பந்தி வரும்வரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் இந்த ஊர்தான் என்பதால் உரிமையோடு திட்டுகிறேன்.

அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் ரிஷபவாகனர் நிற்கிறார், காளையை வாகனமாகக் கொண்ட சிவனின் வெண்கலச் சிலை. சீர்காழிக்குப் பக்கத்துத் திருவெண்காட்டிலிருந்து வந்தவர். கல்வெட்டுச் சான்றுப்படி 1011-ஆம் ஆண்டுத் திருமேனி. அதாவது ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த மறு ஆண்டு. உடன் நிற்கும் அம்மன் அதற்கும் அடுத்த ஆண்டு சேர்ந்தவர். பெயரில் ரிஷபம் இருக்கிறதே தவிர நேரில் இல்லை. காளை எப்போதோ தொலைந்துவிட்டது. சிவன் மட்டும் ஒரு காலை ஊன்றி, இன்னொன்றைக் குறுக்கே வைத்து, இல்லாத காளையின் மேல் கையைச் சாய்த்தபடி நிற்கிறார். இரண்டே கைகள். ஆயுதம் கிடையாது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார். மதிய வேலை முடித்து வரப்போரம் மாட்டின் மேல் சாய்ந்து நிற்கும் ஆளைப் போல அப்படி ஓர் ஓய்வு அந்த உடம்பில்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் காளை எவ்வளவு உயரம், அதன் திமில் எங்கே முடிந்திருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு கையிலிருந்தே தெரியத் தொடங்கும். இத்தகைய சிலைக்குத் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்தபின் சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் இதே முறைதான். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே அதே அச்சில் இன்னொன்று கிடையாது. அந்த விரல்களின் தளர்வு முழுவதும் ஒரு மனிதர் வெதுவெதுப்பான மெழுகில் பிடித்து வைத்தது.

இத்தகைய ஒருவருக்கு முன்னால் நம்மவர்கள் நிற்கும் நேரம், கைப்பேசியை உயர்த்தி இறக்கும் நேரம். ஆண்டையும் அரசன் பெயரையும் கேட்டுக்கொண்டதும் பார்த்து முடித்ததாக எண்ணம் வந்துவிடுகிறது. (ஆண்டு சொன்னவன் நான்தான். சொல்லாவிட்டால் அதையும் கேட்பீர்கள்.) என் யோசனை எளிது. ஒரு நாள் போய் ஒரே ஒரு சிலையைப் பாருங்கள். மற்றவற்றைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்குக் கிடைத்த சலுகையே அதுதான். பாரிஸிலிருந்து வந்தவர் பாவம், ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நமக்கு என்ன அவசரம்? நுழைவுச்சீட்டு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு.

"கலையெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். சரி, வயிற்றுக்கே வருவோம். இட்லிக்குக் கடப்பா என்று ஒரு தொடுகறி தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் உண்டு. வெந்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காயோடு சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் அரைத்த விழுது. அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. மிளகாய்த்தூள் பக்கமே போகாத வெளிர்மஞ்சள். பட்டையும் கிராம்பும் ஒரு சிட்டிகை கூடினால் குருமாவாகிவிடும். பருப்பு கூடினால் பொங்கலுக்குப் போடும் கொத்சுக்குப் போட்டியாகக் கெட்டிப்பட்டு நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமையல்காரர் அதை நிறுத்துகிறார் பாருங்கள், அந்தக் கைப்பக்குவத்தை நாம் கைப்பேசியில் சண்டை பார்த்துக்கொண்டே விழுங்குகிறோம். சாப்பாட்டு வீடியோக்காரர்களோ முதல் வாய் நாக்கில் படும் முன்பே கண்ணை மூடித் தலையாட்டிவிடுகிறார்கள். எதையும் சாப்பிட்டு முடித்தபின் சொல்லக் கூடாதா?

சினிமாவைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை, அதற்கு ஊரே இருக்கிறது. ஒன்று மட்டும். டவுன் பஸ்ஸில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் இளையராஜா பாட்டில் பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மேலே ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும்போது கீழே அது தனியாக வேறொரு மெட்டு பாடிக்கொண்டிருக்கும். நூறு முறை கேட்ட பாட்டு புதிதாகிவிடும். இறங்க வேண்டிய நிறுத்தம் தவறினால் பொறுப்பு என்னுடையதில்லை.

திருவையாற்றுக்கும் இதே கதைதான். இங்கிருந்து 13 கிலோமீட்டர். தை மாதத்தையொட்டி வரும் புஷ்ய பகுள பஞ்சமி, தியாகராஜரின் நினைவு நாள். அன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவதைக் கேட்கக் கூட்டம் நெரியும். தொலைக்காட்சிக் கேமராக்கள் வரிசைகட்டும். நல்லதுதான், நானும் நெரிபட்டிருக்கிறேன். ஆனால் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற தேவதாசி மரபுப் பெண்மணி 1920-களில் தன் சொந்தக் காசைப் போட்டு எழுப்பிய தியாகராஜர் சமாதி மற்ற நாள்களிலும் அங்கேயேதான் இருக்கிறது. அவர் கட்டிய இடத்தில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாடவே முதலில் இடம் இல்லை. அதற்கும் அவர்தான் சண்டை போட்டார். அவருடைய சமாதியும் தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறது. பஞ்சமி அன்று நெரிசலில் அது பலர் கண்ணில் படுவதே இல்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனால் காவிரிக் காற்றில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அல்வா. சூடாக, இலையில் வைத்து. வீட்டுக்கு வாங்கிப்போய் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் காலையில் போங்கள், கூட்டம் குறைவு. கடப்பா எல்லா ஓட்டலிலும் தினமும் போடுவதில்லை; இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், சாம்பாரைக் காட்டிச் சமாதானம் சொன்னால் எழுந்துவிடுங்கள்.