குழாய்க்குப் பூசும் பேஸ்ட் சர்க்யூட் போர்டுக்கு ஆகாது

"எல்லா ஃப்ளக்ஸும் ஒன்றுதான், குழாய் பற்றவைக்கும் பேஸ்ட்டையே போர்டிலும் தடவலாம், துடைத்தால் போதும்" என்று சுற்றும் தகவல் தவறு. ஃப்ளக்ஸ் என்பது சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) நன்றாகப் பிடிக்க உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் பொருள். அந்தப் பேஸ்ட்டில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு இருக்கும். சால்டர் பளிச்சென்று பிடிக்கும், உண்மைதான், ஏமாறுவதும் அங்கேதான். ஐசி (சிப்) கால்களுக்கு அடியில் தங்கும் மிச்சம் காற்றின் ஈரத்தை இழுத்துச் செம்புத் தடத்தை அரிக்கும், மின்கசிவும் வரும். துணி அங்கே எட்டாது.

போர்டுக்கு ரோசின் (பைன் மரப் பிசின்) ஃப்ளக்ஸே ஏற்றது. சிறு பாகங்களுக்கு 0.5 மி.மீ. தடிமனுள்ள, ரோசின் உள்ளடங்கிய 63/37 (63% வெள்ளீயம், 37% ஈயம்) சால்டர் கம்பி எடுங்கள். 183 டிகிரி செல்சியஸில் சட்டென உருகும், சட்டென உறையும். 60/40 போல இடையில் கூழாக நிற்காது. சால்டரிங் அயர்ன் முனை 320–350 டிகிரி. வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், ஈயமாயிற்றே.

ஏற்கெனவே பேஸ்ட் தடவிவிட்டால், மின்சாரம் கொடுக்குமுன் கொழுப்பு நீக்கும் கிளீனரும் பிரஷும் கொண்டு தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, முழுக்க உலர்த்துங்கள்.