ஆஸ்திரேலியா கார் செய்வதை நிறுத்தியது கூலியாலா?

வளர்ந்த நாட்டில் ஒரு ஆலை மூடினால் போதும், "கூலி கட்டுப்படியாகல", "யூனியன்காரன் கெடுத்துட்டான்" என்ற இரண்டு பதில்களும் தயாராக வந்து நிற்கும். ஆஸ்திரேலியக் கார் தொழிலைப் பற்றியும் அப்படித்தான் பேசுகிறார்கள். 2016 அக்டோபரில் ஃபோர்டு நின்றது. 2017 அக்டோபர் 3-ஆம் தேதி டொயோட்டா, அதே மாதம் 20-ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கம்பெனியான ஹோல்டன். அத்தோடு அந்த நாட்டின் பெருவாரிக் கார் உற்பத்தி முடிந்தது.

கூலி அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மனிக்காரன் என்ன குறைந்த கூலிக்கா கார் செய்கிறான்? என்னைக் கேட்டால், ஆலையைச் சாய்த்தது ஒரு மாடலில் எத்தனை கார் செய்கிறோம் என்ற எண்ணிக்கை. கூலி அதற்குத் துணை போனது.

தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பைப் பார்த்தால் இது புரியும். கதவின் வெளித்தகடு ஒரே அடியில் வருவதில்லை. சுருளிலிருந்து வெட்டிய தகட்டை முதல் டை (அச்சு) இழுத்து வடிவம் கொடுக்கும், அடுத்தது ஓரத்தை நறுக்கும், பிறகு விளிம்பை மடிக்கும், துளை போடும். ஒவ்வொரு டையும் டன் கணக்கில் எடை, செய்து முடிக்க மாதக்கணக்கில் வேலை. காரின் ஒவ்வொரு தகட்டுக்கும் இப்படி ஒரு செட் வேண்டும். வருஷத்துக்கு 30,000 கார் செய்தாலும் 3 லட்சம் செய்தாலும் டை செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

30,000 கார் என்றால் வேலை நாளுக்கு ஒவ்வொரு வகைக் கதவிலும் சுமார் 125. பிரஸ் நிமிஷத்துக்கு 10 அடி அடித்தால் 13 நிமிஷத்தில் அன்றைய தேவை முடிந்தது. அதனால் ஒரு வாரத்துக்கானதை மொத்தமாக அடித்து அடுக்கிவிட்டு, டையை மாற்றி வேறு தகட்டுக்குப் போக வேண்டும். டை மாற்றும் நேரமெல்லாம் நஷ்டக் கணக்கு. அடுக்கிய தகடு இடத்தையும் அடைக்கும், பணத்தையும் முடக்கும். பிரஸ் முன்னால் நிற்பவருக்குப் பாதிக் கூலி கொடுத்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

2006-இல் வந்த விஇ கொமோடோர் என்ற பெரிய செடான் மாடலை உருவாக்க ஹோல்டன் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவிட்டது. பத்து வருஷம், வருஷத்துக்கு ஒரு லட்சம் விற்றால் காருக்கு 1,000 டாலர் சுமை. 30,000 என்றால் 3,300 டாலர் தாண்டும். 1998-இல் உள்நாட்டில் 94,000-க்கு மேல் போன கொமோடோர், 2013-இல் 28,000-க்குக் கிட்டத்தில் வந்து நின்றது. அதே ஆண்டு அதன் போட்டி செடானான ஃபோர்டு ஃபால்கன் 11,000-ஐக்கூடத் தொடவில்லை. வருஷத்துக்கு 11 லட்சம் வண்டி விற்கும் சந்தைதான். ஆனால் அதை அறுபதுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் பங்கு போட்டன. வாங்குபவர்களும் பெரிய செடானை விட்டு சின்னக் கார், எஸ்யூவி என்று நகர்ந்துவிட்டார்கள்.

இது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1984-இல் தொழில் அமைச்சர் ஜான் பட்டன் போட்ட திட்டத்தின் குறிக்கோளே, ஐந்து கம்பெனியை மூன்றாக்கி 13 மாடலை ஆறுக்குள் கொண்டுவருவதுதான். வந்தது என்னவோ பெயர்ப்பலகை மாற்றம். கொமோடோர் 'டொயோட்டா லெக்சன்' ஆனது, கேம்ரி 'ஹோல்டன் அப்பல்லோ' ஆனது. அதே வண்டி அசல் பெயரில் பக்கத்து ஷோரூமில் நிற்கும்போது நகலை யார் வாங்குவார்கள்? இன்னொரு பக்கம் 80-களின் நடுவில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி படிப்படியாக இறங்கி 2010-இல் 5 சதவீதத்துக்கு வந்தது. வரிச்சுவர் மட்டும் திட்டப்படி இறங்கியது, எண்ணிக்கை ஏறவில்லை.

சரி, ஏற்றுமதி? டொயோட்டா அதைத்தான் செய்தது. மெல்போர்னின் ஆல்டோனா ஆலையில் செய்த கேம்ரியில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளுக்குப் போனது. அங்கேதான் நாணய மதிப்பு காலை வாரியது. இரும்புத்தாது, நிலக்கரி ஏற்றுமதி கொழித்ததில் ஆஸ்திரேலிய டாலர் ஏறிக்கொண்டே போனது. 2001-இல் 50 அமெரிக்க சென்டுக்குக் கிடைத்த நாணயம் 2011-இல் 110 சென்டைத் தொட்டது. சவுதி ரியால் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது. அங்கே 20,000 அமெரிக்க டாலருக்கு ஒரு கார் விற்றால் முன்பு கைக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலர் வந்திருக்கும், 2011-இல் 18,000 சொச்சம். இறக்குமதி உதிரிபாகம் மலிந்தது கொஞ்சம் ஆறுதல், ஆனால் இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது. சுரங்கம் செழித்த அதே காரணத்தால் ஆலை நொடித்தது. இதில் யூனியன் எங்கே வருகிறது?

உதிரிபாகம் சப்ளை செய்யும் வெண்டர்கள் கதை இன்னும் மோசம். சீட், பம்பர் செய்கிறவருக்கும் டை, மோல்ட் என்று அதே தலைவலிதான். மூன்று கம்பெனிக்குச் சப்ளை செய்தால்தான் தாக்குப்பிடிக்கலாம். 2008-இல் மிட்சுபிஷி போனது. 2013 மே மாதம் ஃபோர்டு மூடுவதாக அறிவித்தது, டிசம்பரில் ஹோல்டன். இரண்டே மாதத்தில், 2014 பிப்ரவரியில், டொயோட்டாவும் கைவிரித்தது. சொன்ன காரணங்களில் சப்ளையர்கள் குறைந்துபோவதும் ஒன்று. கடைசியாக மிஞ்சும் கம்பெனி எவ்வளவு நன்றாக நடந்தாலும் தனியாக நிற்க முடியாது.

மானியம் கொடுக்காததால்தான் மூடினார்கள் என்ற வாதத்தையும் பாதிதான் ஏற்பேன். 2013-இல் கூடுதல் உதவி தர மறுத்த அரசு முடிவை விரைவுபடுத்தியது உண்மை. ஆனால் 1997 முதல் 2012 வரை இந்தத் தொழிலுக்குக் கிடைத்த சலுகை சுமார் 3,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று அந்த நாட்டு உற்பத்தித்திறன் ஆணையமே கணக்குச் சொன்னது. அத்தனை பணமும் சின்னச் சின்ன லைன்களைத் தனித்தனியே ஓட்டத்தான் போனது. ஒரே லைனில் இரண்டு லட்சம் வண்டி என்ற நிலைக்கு யாரையும் அது தள்ளவில்லை.

தாய்லாந்தைப் பாருங்கள். 2005-இல் இரு நாட்டுக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தது. அங்கிருந்து பிக்கப் வண்டிகள் வரியில்லாமல் வந்து குவிந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபோர்டு டெரிட்டரி எஸ்யூவியை அனுப்பலாம் என்றால், பெரிய எஞ்சினுக்குத் தாய்லாந்து போட்டிருந்த உள்நாட்டுக் கலால் வரி வாசலிலேயே மறித்தது. ஒப்பந்தத்தில் சுங்கவரி மட்டும்தான் பூஜ்யம்.

2011-இல் வந்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பை வடிவமைத்தது மெல்போர்ன் எஞ்சினியர்கள்தான், அவர்கள் வாங்கியதும் ஆஸ்திரேலியச் சம்பளம்தான். அந்த வேலை அங்கேயே தங்கியது, ஏனென்றால் ஒரு டிசைன் செலவு உலகம் முழுக்க விற்கும் வண்டிகள் மேல் பரவுகிறது. வண்டியைச் செய்வது தாய்லாந்து. 2023-இல் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டியும் அதுதான்.